இன்னும் ஒலிக்கும் தந்தி

குளிரில் பல் தந்தியடிக்கிறது என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லைத் தந்த தந்திச் சேவை இந்தியாவில் 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்தியின் ஒலிக்குறி முறையான மோர்ஸ், கப்பல்களின் ஆபத்து அழைப்பிலிருந்து 1999 பிப்ரவரியிலேயே விலக்கப்பட்டது. ஆனால் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் வானொலிக்காரர் ஒருவரின் வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய விசில்போல எழும்: டா டிட் டா டிட், டா டா டிட் டா. 'யாராவது இருக்கிறீர்களா, பேசலாமா?' என்று அதற்குப் பொருள்.

அனுப்பும் கருவி வெகு எளிது: ஒரு பித்தளைக் கை, ஒரு ஸ்பிரிங், தொட்டுப் பிரியும் இரண்டு முனைகள். தொட்டால் ஒலி, விட்டால் மௌனம். டா என்பது டிட்டைப்போல மூன்று மடங்கு நீளம். இந்த ஒற்றை ஒலிக்கு வானொலி அலையில் 150 ஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் போதும். பேச்சுக்கோ 2,500 வரை வேண்டும். கேட்பவர் வடிகட்டியைக் குறுக்கிக்கொண்டே போகலாம். இரைச்சல் குறையும், ஒலி மட்டும் நிற்கும். அதனால்தான் இரவு விளக்கு எரிகிற அளவு, வெறும் 5 வாட் சக்தியில், மேல்வானின் அயனி மண்டலம் மனது வைத்தால் கண்டம் தாண்டிப் பேசிவிடுகிறார்கள். நடுவில் செல்கோபுரம் கிடையாது, சர்வர் கிடையாது.

1840களில் மோர்ஸை வகுத்தவர்களின் கணக்கும் அழகானது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே டிட். அரிதாக வரும் 'க்யூ'வுக்கு டா டா டிட் டா. அதிகம் புழங்குவதைச் சுருக்கு என்ற இதே யோசனையில்தான் இன்று கணினிக் கோப்புகளையும் சுருக்குகிறோம். மோர்ஸும் காலத்தோடு நடந்தது: மின்னஞ்சல் முகவரியில் வரும் '@' குறிக்கு 2004இல் தனி ஒலி கிடைத்தது. டிட் டா டா டிட் டா டிட்.

மிருதங்கம் கற்பவர் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதுபோல மோர்ஸையும் தாளமாகவே பழக வேண்டும். டிட்டையும் டாவையும் புள்ளி, கோடு என்று எண்ணிக் கற்றவர்கள் வேகம் கூடியதும் திணறுகிறார்கள். காது பழகிவிட்டால் எழுத்து மறைந்து சொல்லே கேட்கும்; தட்டும் நடையை வைத்து, பெயர் சொல்வதற்கு முன்பே நண்பரை அடையாளம் கண்டுகொள்வார்கள். என்னைக் கேட்டால் மோர்ஸை இன்னும் வாழவைப்பது இந்தக் கைநடைதான்.

வானொலியில் அனுப்பத்தான் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். வீட்டில் தட்டிப் பழகத் தடையில்லை. மோர்ஸ் எழுத்து அட்டவணையை மூடிவைத்துவிட்டு இரண்டே எழுத்தில் தொடங்குங்கள். 'கே': டா டிட் டா. 'எம்': டா டா.