டால்டா டின்னும் பெயின்ட் வாளியும்

டால்டா டின் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. 1937-ல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்த வனஸ்பதி, மஞ்சள் தகரத்தில் பச்சை மரம் போட்ட டப்பாவில்தான் பல பத்தாண்டுகள் விற்றது. தீர்ந்ததும் டப்பா கழுவப்பட்டு, புளியோ மிளகாயோ போட்டு வைக்க அடுப்படியிலேயே அமரும். மூடி தொலைந்து விளிம்பு நசுங்கினால் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மொள்ளும். அடி துருவேறி ஒழுக ஆரம்பித்த பிறகுதான் அதற்குத் தோட்டத்தில் வேலை. துளசி, மருக்கொழுந்து, செம்பருத்திக் குச்சி என்று ஏதாவது ஒன்று அதில் ஏறிவிடும். ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் தனியாகத் துளை போட வேண்டியதில்லை.

15 கிலோ எண்ணெய் டின் என்றால் கொஞ்சம் கைவேலை உண்டு. மேல்தகட்டை உளியால் வெட்டியெடுத்து, விளிம்பை உள்பக்கமாக மடித்துச் சுத்தியலால் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கை கிழியும். அடியில் போடும் துளைக்கு ஆணியை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் பிசிறு உள்ளே எழும்பி நிற்கும், அந்த உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தேங்கி வேர் அழுகும். இதற்கெல்லாம் யாரும் வகுப்பு எடுத்ததில்லை. சில மழைக்காலம் போனால் தகரம் துருவாக உதிரும். அதற்குள் செடி தரையில் வேர்விட்டிருக்கும்.

உடைந்த மண்பானைக்கும் இப்படித்தான். கழுத்து போன பானையில் கரியைப் பூசி, சுண்ணாம்பால் பொட்டு வைத்து, வைக்கோல் திணித்த கிழிந்த சட்டையின் மேல் கவிழ்த்தால் சோளக்கொல்லை பொம்மை தயார். இன்னொரு பானை கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைக்கப்படும். தண்ணீர் ஊற்றி, வாயைத் தேங்காய்ச் சிரட்டையாலோ ஓட்டாலோ மூடிவிடுவார்கள். பானையின் சுவர் வழியே கசியும் நீரைக் காய்ந்த மண் இழுத்துக்கொள்ளும். மண் நனைந்துவிட்டால் கசிவும் தானாகக் குறையும். தண்ணீரைக் குளிர்விக்காமல் போன பழைய பானையில் உப்புப் படிந்து நுண்துளைகள் அடைபட்டிருக்கும். அதற்கும் வழி உண்டு: அடியில் சின்ன ஓட்டை போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாகச் செருகினால் போதும்.

இன்று அந்த இடத்தில் பெட் பாட்டில் வந்திருக்கிறது. மூடியில் ஊசியைச் சூடாக்கிக் குத்தி, தலைகீழாக மண்ணில் செருகுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பாட்டிலுக்கு மண்ணின் தாகம் தெரியாது. ஓட்டை பெரிதானால் மதியத்துக்குள் காலி, சிறிதானால் மண் அடைத்து நின்றுவிடும். ஊருக்குப் போகும் நான்கு நாளைக்குச் சமாளிக்கலாம், பானைக்கு ஈடாகாது.

அதற்காக இன்றைய மாடித்தோட்டக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மொட்டைமாடி என்பது துணி காயப்போடும் இடம் மட்டும் இல்லை என்று நகரத்துக்கு உறைத்தது. மீன் கடையில் ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் அரைக்கீரை முளைக்கிறது. பழைய வாஷிங் மெஷின் டிரம்மில் கறிவேப்பிலை நிற்கிறது, அதற்குத் துளைகளைக் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுத்துவிட்டான். கழுத்து அறுத்த பிளாஸ்டிக் குடத்தில் கத்தரி காய்க்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் மலையாகக் குவிந்து கிடந்த நார்க்கழிவு, இன்று கட்டியாகி மாடிக்கு வருகிறது. உப்புப் போகக் கழுவிவிட்டுப் பயன்படுத்தினால் மாடியின் பாரமும் குறையும். என்னைக் கேட்டால், மறுபயன்பாட்டில் உருப்படியாக நடந்தது இந்த நார்க்கழிவு விஷயம்தான். அதற்கு யாரும் வண்ணம் பூசவில்லை, படம் எடுத்துப் போடவும் இல்லை.

20 லிட்டர் பெயின்ட் வாளிதான் இன்றைய டால்டா டின். துளையை அடியில் போடாமல் பக்கவாட்டில் ஓர் அங்குலம் மேலே போட்டால், தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளாது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய வாளி பரணில் கிடந்தால் குரோட்டன்ஸ் வையுங்கள், கீரை வேண்டாம்.

என் வருத்தம் வேறு இடத்தில். அன்று ஒரு பொருள் தோட்டத்துக்கு வந்தபோது, அதற்கு வீட்டுக்குள் வேறு வேலை மிச்சம் இருக்காது. இன்றோ தோட்டத்து அலங்காரத்துக்காகவே பொருளைத் தேடிப் பிடிக்கிறோம். நல்ல கண்ணாடி ஜாடியை வாங்கி, சணல் கயிறு சுற்றி, ‘பழசிலிருந்து செய்தது’ என்கிறோம். பாட்டிலை வெட்டி, அக்ரிலிக் பெயின்ட் அடித்து, பால்கனியில் தொங்கவிடுகிறோம். சும்மா விட்டிருந்தால் அந்தப் பாட்டில் காயலான் கடைக்குப் போய், நூலிழையாகி, துணியாகவே மாறியிருக்கும். வெட்டிப் பெயின்ட் அடித்த பாட்டிலை எடைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். வெயில் தின்று நொறுங்கிய பிறகு அது தொட்டி மண்ணிலேயே துகளாகக் கலக்கிறது. தகரம் உதிர்ந்ததற்கும் இது உதிர்வதற்கும் வித்தியாசம் உண்டு.

சண்டிகர் ராக் கார்டனை உருவாக்கிய நேக் சந்த் நினைவுக்கு வருகிறார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் மிச்சத்தையும் உடைந்த வளையல், பீங்கான் துண்டுகளையும் பொறுக்கிவந்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் பொம்மை செய்தார். 1976-ல்தான் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே எதுவும் அலங்காரத்துக்காக உடைக்கப்படவில்லை, உடைந்ததுதான் அலங்காரமானது. அவ்வளவு தூரம் போவானேன், காட்டுப்பன்றி இறங்கும் ஊர்களில் வயலைச் சுற்றிக் கட்டியிருக்கும் பழைய சேலைகளைப் பாருங்கள். சிவப்பும் ஊதாவுமாக, முந்தானை காற்றில் அடிக்க, நிலக்கடலைக்குக் காவல். பன்றி பயப்படுகிறதோ இல்லையோ, சோளக்கொல்லை பொம்மையின் நேர் வாரிசு இதுதான்.

கடைசியாக டயர். பள்ளிக்கூடத்திலும் பூங்காவிலும் டயரைக் கிளியாகவும் அன்னமாகவும் வெட்டித் தொங்கவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் டயரின் உள்மடிப்பு மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் நல்ல தண்ணீர் போதும், பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். வீட்டில் டயர்த்தொட்டி வைத்திருப்பவர்கள் அடிமடிப்பில் துளை போட்டுவிடுங்கள். முடியாதவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது, அந்தக் கொசுவின் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும்.