பெஸ் நகரில் ஒரு நாள்: கட்டியவர்களும் காத்தவர்களும்

'பெஸ் தொப்பி' என்றதும் சட்டத்தரணி எம்.சீ. அப்துல் காதரின் நினைவு நம்மில் பலருக்கு வரும். அந்தத் தொப்பியை அணிந்து உயர் நீதிமன்றத்தில் ஆஜராக அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதும், அதற்காக 1905ஆம் ஆண்டின் இறுதி நாளில் எமது சமூகம் மருதானைப் பள்ளிவாசலில் திரண்டதும் வரலாறு. அந்தத் தொப்பிக்குப் பெயர் தந்த ஊர் மொரோக்கோவில் இருக்கிறது. கடந்த டிசம்பர் விடுமுறையில் கணவரோடு அந்த ஊரில் ஒரு நாள் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பார்த்த இடங்களின் பட்டியலை எழுதுவது என் நோக்கமல்ல. அங்கே என் மனதில் எழுந்த ஒரு கேள்வியைப் பகிர்ந்து கொள்ளவே எழுதுகிறேன்.

மதிலுக்குள்

789இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஒரு ஊரை அமைத்தார். இருபது வருடங்களில் அவருடைய மகன் இரண்டாம் இத்ரீஸ் மறுகரையில் இன்னொன்றை அமைத்தார். குர்துபாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினர். 11ஆம் நூற்றாண்டில் முராபித்துகள் இரண்டையும் ஒரே மதிலுக்குள் இணைத்தனர். அந்தப் பழைய நகரை 1981இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

நாங்கள் காலை எட்டரைக்கு பாப் பூஜலூத் வாயிலால் உள்ளே நுழைந்தோம். வெளிப்பக்கம் நீலமும் உட்பக்கம் பச்சையுமாக ஓடு பதித்த வாயில் அது. பழையது போலத் தோன்றினாலும் 1913இல் கட்டப்பட்டது. உள்ளே வாகனம் கிடையாது. சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள்தான். பின்னாலிருந்து "பாலக்!" என்று சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுவிட வேண்டும். ஒழுங்கைகளில் வழி தவறாதிருக்க ஓர் இலகுவான விதி உண்டு: சரிவில் இறங்கினால் கரவிய்யீன் பள்ளிவாசல், ஏறினால் மீண்டும் வாயில்.

நின்றுபோன கடிகாரம்

வாயிலுக்கு அருகிலேயே பூ இனானிய்யா மத்ரஸா உள்ளது. மரீனிய சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஓடு, அதற்கு மேல் சுதை வேலைப்பாடு, அதற்கும் மேல் தேவதாரு மரச் செதுக்கல். என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அங்குள்ள பளிங்குக் கல்வெட்டு. மத்ரஸாவின் செலவுக்காக வக்பு செய்யப்பட்ட சொத்துகள் அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கட்டிடத்தைக் கட்டியவர் அதன் நாளைய செலவுக்கான வருமானத்தையும் கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்.

இதே அபூ இனான்தான் இப்னு பதூதாவின் பயணங்களை எழுத்தில் பதியச் செய்தவர். இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி முடித்தது 1355இல். 1344இல் எமது நாட்டுக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறி, கொழும்பையும் காலியையும் கண்ட கதை அந்த நூலில்தான் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு இலங்கையில் முஸ்லிம்கள் இருந்ததற்கு நாம் காட்டும் சான்றுகளில் ஒன்று, இந்த ஊர் எழுதிப் பாதுகாத்தது.

மத்ரஸாவுக்கு எதிரே ஒரு சுவர். அதில் வரிசையாகச் சிறு ஜன்னல்கள். 1357இல் அமைக்கப்பட்ட நீர்க் கடிகாரம் அங்கே இருந்தது. இன்று சுவரும் மர வேலைப்பாடும் மட்டும்தான் மிச்சம். அது எவ்வாறு இயங்கியது என்ற விபரம் எஞ்சவில்லை. ஒரே தெருவின் ஒரு பக்கத்தில் காக்கப்பட்ட அறிவு, மறு பக்கத்தில் தொலைந்த அறிவு.

ஒரு பெண்ணின் வாரிசுப் பங்கு

ழுஹர் நேரத்துக்கு கரவிய்யீனை அடைந்தோம். ஏனைய சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். பெண்களுக்கான பகுதியில் தொழுதேன்.

859இல் இதை நிறுவியவர் கைரவானிலிருந்து வந்த வணிகரின் மகள் பாத்திமா அல்-பிஹ்ரி என்பது மரபு வரலாறு. தந்தையின் சொத்தில் கிடைத்த பங்கை இதற்கே செலவிட்டார் என்றும், வேலை முடியும் வரை நோன்பிருந்தார் என்றும் சொல்வார்கள். அவருடைய சகோதரி மர்யம் மறுகரையில் அந்தலுஸ் பள்ளிவாசலை நிறுவினாராம். இந்த விபரங்களைத் தருவது சுமார் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல் என்பதால் சில ஆய்வாளர்கள் கேள்வி எழுப்புகின்றனர். அதையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், தங்கள் பெருமைக்குரிய நிறுவனத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் வாரிசுப் பங்கை வைத்து இத்தனை நூற்றாண்டுகளாகப் பேசி வரும் ஒரு சமூகத்தை நான் மதிக்கிறேன்.

கட்டியவர் ஒருவர் என்றால், காத்தவர்கள் ஆயிரம் பேர். வக்பு என்பதை மொரோக்கோவில் 'ஹுபுஸ்' என்பார்கள். தடுத்து வைத்தல் என்று பொருள். சொத்தை விற்கவோ வாரிசாகப் பிரிக்கவோ முடியாது, அதன் வருமானம் மட்டும் நற்காரியத்துக்குச் செல்லும். கைபர் நிலம் பற்றி உமர் (ரழி) கேட்டபோது நபியவர்கள் (ஸல்) காட்டிய வழி இதுதான். பெஸ் நகரில் கடை, வீடு, குளியலறை, மாவரைக்கும் ஆலை என்று ஒவ்வொன்றின் வாடகையும் ஏதோ ஓர் ஆசிரியருக்கோ மாணவருக்கோ போய்ச் சேர்ந்தது. 1286இல் நிறுவப்பட்ட சீதி பரஜ் வைத்தியசாலையில் நோயுற்ற நாரைகளைக்கூடப் பராமரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த இடத்தில் இன்று சிறு கடைகள்தான் இருக்கின்றன.

இரண்டு மாதத் தவணை

கரவிய்யீனின் பின்புறத்தில் செப்புப் பாத்திரம் தட்டுவோரின் சபாரீன் சதுக்கம். அங்கேதான் நூலகத்தின் வாயில். வெளியிலிருந்து மட்டுமே பார்த்தோம். இப்னு கல்தூன் தனது வரலாற்று நூலின் பிரதியொன்றை 1396இல் கெய்ரோவிலிருந்து இந்த நூலகத்துக்கு வக்பாக அனுப்பினார். அதன் நிபந்தனை சுவையானது: நம்பிக்கையான ஒருவருக்கு, தகுந்த பிணை பெற்றுக்கொண்டு, கூடியது இரண்டு மாதங்களுக்கு இரவல் கொடுக்கலாம். படிக்கவோ பிரதி எடுக்கவோ அந்தக் காலம் போதும். இந்த விதி பேணப்படுவதைப் பார்ப்பது நூலகரின் பொறுப்பு.

அந்தச் சதுக்கத்தில் தேநீர் குடித்தபடி நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையை நினைத்தேன். வெளிநாட்டிலிருந்த ஒரு தனவந்தர் அங்கே நூலகம் கட்டித் தந்தார். பெயர்ப்பலகை, பொன்னாடை, பகல் உணவு எல்லாம் சிறப்பாக நடந்தது. ஆனால் புத்தகம் வாங்கவோ, பொறுப்பாளருக்குக் கொடுக்கவோ மாதாந்தம் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அறை பூட்டப்பட்டது. மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது கறையான் அரித்திருந்தது. அந்தச் சாவியை வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. யாரையும் குறைகூற எனக்குத் தகுதியில்லை.

பின்னேரம் ஷவாரா தோல் பதனிடும் இடத்துக்குப் போனோம். மணம் தாங்க புதினா இலை தந்தார்கள். சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிகளில் இறங்கி நின்று தோலை மிதிக்கிறார்கள். ஒரு தோல் பல கை மாறி, நாட்கணக்கில் ஊறித்தான் செருப்பாகிறது. இடையில் ஒருவர் கைவிட்டாலும் தோல் கெட்டுவிடும்.

மஃரிபுக்கு முன் மரீனியர் கல்லறைகள் இருக்கும் குன்றில் ஏறி நின்றோம். ஒவ்வொரு மினாராவிலிருந்தும் அதான் எழுந்தது. என் கேள்வி இதுதான்: நாம் கட்டும் கட்டிடங்களை யார் காப்பது?

எமது ஊர்களில் கொடைக்குக் குறைவில்லை. பள்ளிவாசல்களுக்குக் கடை அறைகள் உண்டு, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டமும் உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரே ஒரு கடை அறையின் வாடகையைப் பாடசாலை நூலகத்துக்கென்று எழுதி வைக்கட்டும். எந்தச் செலவுக்கு, யார் பொறுப்பு, எத்தனை நாள் இரவல் என்று நிபந்தனையும் எழுதட்டும். வருடத்துக்கு ஒருமுறை கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். புதிய கட்டிடம் தர வரும் தனவந்தரிடம், கட்டிடத்தைச் சற்றுச் சிறிதாக்கி, மிச்சத்தை வருமானம் தரும் சொத்தாகத் தரும்படி தயங்காமல் கேட்போம். வாரிசுப் பங்கு பெறும் எமது சகோதரிகளும் இதில் பங்கெடுக்கலாம்.

ஸதகதுல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம். பூட்டிய அறைக்குள் எதுவும் ஓடாது. பூட்டுகளைத் திறக்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.