முதற்குரலைத் தேடி: ராக் அண்ட் ரோல் தொடக்ககாலப் பாடல்களின் மறுவருகை

ராக் அண்ட் ரோல் என்னும் இசைவகை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ், அவர்களது தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல், தென்மாநில வெள்ளையரின் நாட்டார் இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி ஆகியவை ஒன்றோடொன்று கலந்து 1950களின் முற்பகுதியில் உருப்பெற்றது. 1951 மார்ச் மாதம் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான 'ராக்கெட் 88' தொடங்கி, பீட்டில்ஸ் குழு அமெரிக்க மண்ணில் கால்வைத்த 1964 வரையிலான காலத்தை இவ்விசையின் தொடக்ககாலம் என்று வரலாற்றாசிரியர் பலரும் வகுப்பர். இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் வெளிவந்து நாடெங்கும் ஒலித்த பாடல்கள் சில ஆண்டுகளிலேயே வானொலியிலிருந்து மறைந்தன. பின்னர் தொகுப்பு இசைத்தட்டு, திரைப்படம், விளம்பரம், இணையம் என வெவ்வேறு வழிகளில் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. பாடல் திரும்பி வந்தபோதெல்லாம் அதை முதலில் பாடியவரின் பெயரும் அவருக்கு உரிய ஊதியமும் உடன் வந்துவிடவில்லை என்பதே இம்மறுவருகையின் வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

இதைப் புரிந்துகொள்ள அக்கால அமெரிக்க இசை வணிகம் இயங்கிய முறையை அறிவது இன்றியமையாதது. விற்பனையையும் ஒலிபரப்பையும் கணக்கிட்டுப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு இதழ், கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளை 1949 வரை 'இன இசைத்தட்டுகள்' என்ற தனித் தலைப்பில் ஒதுக்கி வைத்திருந்தது. அவ்வாண்டில்தான் அத்தலைப்பு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாறியது. பெயர் மாறினாலும் பிரிவினை நீங்கவில்லை. சிறு நிறுவனமொன்று கறுப்பினப் பாடகர் ஒருவரின் பாடலை வெளியிட்டு அது விற்கத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் அதே பாடலை வெள்ளையினப் பாடகரைக் கொண்டு பாடவைத்து, வெள்ளையருக்கான வானொலி நிலையங்களில் ஒலிக்கச் செய்தன. ஏற்கெனவே வெளிவந்த பாடலை வேறொருவர் பாடிப் பதிவு செய்வதைக் கவர் என்பர். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், படி ஒன்றுக்கு 2 சென்ட் செலுத்தி எவரும் அதை மீண்டும் பதிவு செய்யலாம். அந்தத் தொகை பாடலை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் சென்றதேயன்றி, தம் குரலாலும் பாணியாலும் அப்பாடலுக்கு உயிரூட்டிய பாடகருக்கு ஒரு காசும் சேரவில்லை. தம் பாடலின் இசையமைப்பு அப்படியே நகலெடுக்கப்பட்டதால் பாதிக்கப்பட்ட லவர்ன் பேக்கர் என்ற பாடகி, சட்டத்தைத் திருத்தக் கோரி 1955இல் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்குக் கடிதமே எழுதினார், பயன் விளையவில்லை. ஒலிப்பதிவு என்னும் படைப்புக்கே அமெரிக்க நடுவணரசின் சட்டப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15ஆம் நாளுக்குப் பின்னர்தான் கிடைத்தது.

இம்முறையின் விளைவை 'ஹவுண்ட் டாக்' பாடலைப் போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் இருவர், பிக் மாமா தார்ன்டன் என்று அறியப்பட்ட வில்லி மே தார்ன்டனின் கம்பீரமான தோற்றத்தையும் உறுமும் குரலையும் கண்டு, அவருக்கென்றே எழுதிய பாடல் அது. 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவாகி, ஹூஸ்டன் நகரின் பீகாக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டு, 1953இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தன் உழைப்பில் உண்டு திரியும் ஆடவனைப் பெண்ணொருத்தி வாசலுக்கு வெளியே துரத்துவதே அதன் பொருள். பின்னர் ஃப்ரெடி பெல் என்பவரின் குழு, லாஸ் வேகாஸ் மேடைகளுக்கு ஏற்றபடி சொற்களை மாற்றி, அதை உண்மையான நாயொன்றைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக ஆக்கியது. எல்விஸ் பிரெஸ்லி அந்த வடிவத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டு 1956 ஜூலையில் நியூயார்க்கில் பாடிப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு பதினொரு வாரங்கள் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. பிரெஸ்லியின் பதிவு எளிதாகத் தள்ளிவிடத்தக்கதன்று; டி.ஜே. ஃபொன்டானாவின் துப்பாக்கி வெடிப்பன்ன டிரம் அடிகளும் ஸ்காட்டி மூரின் கிட்டாரும் அதற்குத் தனி வேகத்தைத் தந்திருக்கின்றன. எனினும் தார்ன்டனின் பதிவில் நிதானமாக நடக்கும் தாளமும், பீட் லூயிஸின் கிட்டாரோடு குரல் நடத்தும் வாக்குவாதமும், ஏமாற்றப்பட்ட பெண்ணின் சினமும் நகைப்பும் ஒருங்கே ஒலிக்கும்போது, இரண்டாவது பதிவில் இழக்கப்பட்டது எதுவென்று கேட்பவருக்கு உடனே புலப்படும். அப்பாடலுக்காகத் தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றே என்று கூறிவந்த தார்ன்டன் 1984இல் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2024இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

மறுகண்டுபிடிப்பு சில தீர்ப்புகளை முற்றிலும் மாற்றியும் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாஸாவின் சிறிய கூடத்தில் 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்ட் பாடிய 'டுட்டி ஃப்ரூட்டி' பொதுப் பட்டியலில் 17ஆம் இடத்தை எட்டியபோது, வெள்ளையினப் பாடகர் பாட் பூன் பாடிய கவர் 12ஆம் இடத்துக்குச் சென்றது. இன்று பூனின் பதிவை வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமே கேட்கிறார்கள். ரிச்சர்டின் பதிவோ உலகெங்கும் ஒலிக்கிறது.

முதற்பதிவுகள் மறைந்துபோனதற்கு நிறவேற்றுமை ஒன்றே காரணமன்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டுகள், பெரும்பாலும் இந்தியாவின் சோட்டா நாக்பூர்ப் பகுதிக் காடுகளிலிருந்து சென்ற அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவை, எளிதில் உடையக்கூடியவை. 1949இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய 45 சுற்று வினைல் தட்டுகள் 1950களின் இறுதிக்குள் அவற்றை வழக்கிலிருந்து அகற்றிவிட்டன. பழைய தட்டுகளோடு அவற்றில் மட்டுமே வெளிவந்திருந்த பாடல்களும் வீடுகளைவிட்டு நீங்கின. அதே ஆண்டுகளில் கலைஞர்களும் ஒவ்வொருவராக அரங்கைவிட்டு அகன்றனர். லிட்டில் ரிச்சர்ட் 1957இல் சமயப் பணிக்குச் சென்றார். பிரெஸ்லி 1958இல் ராணுவத்தில் சேர்ந்தார். பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர் ஆகிய மூவரும் 1959 பிப்ரவரி 3 அன்று ஒரே விமான விபத்தில் மாண்டனர். பாடலை ஒலிபரப்புவதற்காக வானொலி அறிவிப்பாளர்கள் நிறுவனங்களிடம் கைக்கூலி பெறும் 'பேயோலா' வழக்கம் பற்றிய விசாரணை 1959இல் தொடங்கி, இவ்விசையைப் பரப்புவதில் முன்னின்ற அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் வாழ்வைக் குலைத்தது.

மறைந்தவற்றை மீட்கும் முயற்சி வியக்கத்தக்க விரைவில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் காரில் அமர்ந்தபடியே உண்ணும் உணவகங்களிலிருந்து நிகழ்ச்சி நடத்திய ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர், இளைஞர்கள் புதிய பாடல்களைவிடச் சில ஆண்டுகளுக்கு முந்திய பாடல்களை மிகுதியாகக் கேட்பதைக் கவனித்தார். வெவ்வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்று அப்பாடல்களை ஒரே நெடுந்தட்டில் தொகுத்து, 1959இல் 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்ற பெயரில் அவர் வெளியிட்டார். அதற்கு முன்பு போட்டி நிறுவனங்களின் பாடல்கள் ஒரு தட்டில் சேர்ந்து வருவது அரிது. அத்தொகுப்பு பில்போர்டின் நெடுந்தட்டுப் பட்டியலில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தமது 97ஆம் வயதில் 2022இல் மறையும்வரை லபோ ஒலிபரப்பைக் கைவிடவில்லை.

அடுத்த பெரிய திருப்பத்தைத் திரைப்படம் ஏற்படுத்தியது. 1962ஆம் ஆண்டின் ஓரிரவில் கலிஃபோர்னியச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வதாக ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1973இல் வெளிவந்தபோது, அதில் தனியாகப் பின்னணி இசை அமைக்கப்படாமல், கார் வானொலிகளிலிருந்து வழியும் பழைய பாடல்களே படம் முழுவதையும் நிறைத்திருந்தன. அவற்றைத் தொகுத்த இரட்டை நெடுந்தட்டில் 41 பாடல்கள் இடம்பெற்றன. படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பாடலின் வரலாறே மறுகண்டுபிடிப்புகளின் வரலாறுதான். பில் ஹேலியின் குழு 1954 ஏப்ரலில் பதிவு செய்த அப்பாடல், வேறொரு பாடலின் மறுபக்கத்தில் இடம்பெற்று அதிகம் கவனிக்கப்படாமல் போனது. 1955இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்ற படத்தில் ஒலித்ததும் எட்டு வாரங்கள் நாட்டின் முதற்பாடலாக விளங்கியது. 1974இல் மீண்டும் பட்டியலில் நுழைந்தது. அதில் இன்றும் கேட்போரைத் திகைக்கவைக்கும் கிட்டார் தனியாவர்த்தனத்தை வாசித்த டேனி செட்ரோன், பதிவு முடிந்த சில வாரங்களிலேயே படிக்கட்டில் விழுந்து இறந்துவிட்டார். தம் வாசிப்பு உலகப்புகழ் பெற்றதை அவர் அறியவில்லை.

ஜாக்கி வில்சனின் நிலை இதனினும் துயரமானது. 1957இல் அவர் பாடிய 'ரீட் பெட்டீட்' என்ற பாடல், களிமண் உருவங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட அசைவுப்படம் ஒன்றின் உதவியால் 1986 டிசம்பரில் பிரிட்டனின் முதற்பாடலாக உயர்ந்தது. 1975இல் மேடையிலேயே நினைவிழந்து விழுந்து, ஆண்டுக்கணக்கில் நோய்ப்படுக்கையில் கிடந்த அப்பாடகர் அதற்கு முன்பே, 1984 ஜனவரியில், மறைந்திருந்தார். அவரது புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லாதிருந்து, 1987இல் திரட்டப்பட்ட நிதியால்தான் தக்கதொரு கல்லறை அமைந்தது.

உயிரோடு இருந்த கலைஞர்களின் போராட்டம் பணத்தைப் பற்றியதாக இருந்தது. ராயல்டி எனப்படும் விற்பனைப் பங்கு பாடகருக்கு உண்டு என்று ஒப்பந்தம் கூறினாலும், பதிவுக்கான செலவு முழுவதையும் அவர் பெயரில் கடனாக எழுதி, அது தீரும்வரை ஒன்றும் கொடாதிருப்பது நிறுவனங்களின் வழக்கம். அட்லான்டிக் நிறுவனத்தின் தொடக்ககால வளர்ச்சிக்குத் தூணாக நின்ற பாடகி ரூத் பிரவுன், பிற்காலத்தில் வீட்டுவேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிழைக்க நேர்ந்தது. பழைய தட்டுகள் மறுவெளியீடு கண்டு விற்றுக்கொண்டிருப்பதை அறிந்த அவர், ஹோவெல் பெகல் என்ற வழக்கறிஞரின் துணையோடு பல ஆண்டுகள் வாதாடினார். 1988இல் அந்நிறுவனம் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்ததோடு, மூத்த கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளை அமையவும் நிதி வழங்கியது. 'லூயி லூயி' பாடலை 1957இல் வெளியிட்ட ரிச்சர்ட் பெரி, அதன் உரிமையைச் சுமார் 750 டாலருக்கு விற்றிருந்தார். கிங்ஸ்மென் குழு 1963இல் பாடிப் புகழடையச் செய்த அப்பாடலின் உரிமைப் பங்கு 1980களில்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. சக் பெரியின் 'மேபலீன்' பாடலில் ஆக்கத்துக்குத் தொடர்பற்ற ஆலன் ஃப்ரீடின் பெயரும் இணையாசிரியராகப் பொறிக்கப்பட்டிருந்து 1986இல் நீக்கப்பட்டது.

இவற்றிலிருந்து மாறுபட்டு மகிழ்ச்சி தரும் நிகழ்வும் ஒன்றுண்டு. பிரெண்டா லீ தம் பதின்மூன்றாம் வயதில், 1958இல், நாஷ்வில் நகரில் பாடிய 'ராக்கிங் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ' முதலில் விற்பனையாகவில்லை. 1960இல் 14ஆம் இடம்வரை சென்றது. இணையத்தில் கேட்கப்படும் எண்ணிக்கையையும் பில்போர்டு கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகு ஆண்டுதோறும் டிசம்பரில் மேலேறிவந்த அப்பாடல், 2023 டிசம்பரில், லீ 78 வயதில் இருந்தபோது, முதலிடத்தை அடைந்தது. பதின்வயதுச் சிறுமியாகப் பாடிய பாட்டின் வெற்றியை முதுமையில் நேரில் காணும் பேறு அவருடைய தலைமுறையில் மிகச் சிலருக்கே வாய்த்தது.

இப்பாடல்களை இன்று தேடிக் கேட்க விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பழைய கலைஞர்கள் பலர் பிற்காலத்தில் வேறு நிறுவனங்களுக்காகத் தம் பாடல்களைத் தாமே மீண்டும் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அவையும் அதே தலைப்பிலும் அதே படத்தோடும் இணையத்தில் உலவுவதால், பதிவான ஆண்டைப் பார்த்தே முதற்பதிவைப் பிரித்தறிய முடியும். 1950களின் பெரும்பாலான பாடல்கள் மோனோ, அதாவது ஒற்றைத் தடத்தில் வடிவமைக்கப்பட்டவை. 1960களில் நிறுவனங்கள் எதிரொலியைச் சேர்த்து அவற்றைச் செயற்கையாக இருதட ஸ்டீரியோவாக ஆக்கிய படிகள் மூல ஒலியின் உறுதியைச் சிதைத்துவிட்டன. ஆகவே மோனோ படியைத் தேர்வதே நன்று. மூல நாடாக்களைத் தேடிப் பதிவுக் குறிப்புகளோடு வெளியிடும் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி, லண்டனின் ஏஸ் போன்ற நிறுவனங்களின் தொகுப்புகள் இவ்வகையில் நம்பத்தக்கவை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் மட்டுமே நீடிக்கும்; பாடலை இயற்றியவரின் உரிமையோ அவரது வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும்.

கேட்கத் தொடங்குவோர் பிரெஸ்லியின் 1954ஆம் ஆண்டுப் பதிவான 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலுக்கு முன்பு அதை இயற்றிப் பாடிய ஆர்தர் கிரடப்பின் 1946ஆம் ஆண்டுப் பதிவையும், க்ரூ கட்ஸ் குழு பாடிப் புகழ்பெற்ற 'ஷ்-பூம்' பாடலுக்கு முன்பு கார்ட்ஸ் குழு பாடியதையும், எல்லாவற்றுக்கும் முன்பாகப் பிக் மாமா தார்ன்டனையும் கேட்க வேண்டும். கேட்ட பாடலைப் பிறருக்கு அனுப்பும்போது முதலில் பாடியவரின் பெயரையும் உடன் எழுதி அனுப்ப வேண்டும்.