மூலங்கள் நடக்கும் பாதை

மிதிவண்டி பழகும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். பாதையை விட்டுச் சற்று விலகியதும் கைப்பிடியைப் பலமாகத் திருப்புகிறான், வண்டி மறுபுறம் ஓடுகிறது, அஞ்சி மீண்டும் திருப்புகிறான், முடிவில் விழுகிறான். பிழையைத் திருத்த முயன்றது குற்றமன்று. திருத்திய அளவே குற்றம்.

பிழையை அளந்து, அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம். நீராவி எஞ்சினின் வேகத்தைக் காத்த கவர்னரும், விமானத்தைத் திசை தவறாது செலுத்தும் கருவியும் இவ்வினத்தவையே. பிழைக்கு எத்தனை மடங்கு எதிர்ச்செயல் என்பதே பெருக்கம். அது குறைந்தால் எந்திரம் சோம்பும், மிகுந்தால் ஊசலாடும். மாணவனாக இருந்தபோது ஒரு மோட்டாரின் பெருக்கத்தை ஆசையோடு ஏற்றிக்கொண்டே போனேன்; அது அதிர்ந்து, இணைப்பு முறிந்தது. எதுவரை ஏற்றலாம் என்பதை முன்பே அறிய வழியுண்டா?

உண்டு. எந்திரத்தின் இயல்பு ஒரு சமன்பாட்டில் அடங்கும். அதன் மூலங்களைக் கலப்பெண் தளத்தில் புள்ளிகளாகக் குறிப்போம். நடுவிலுள்ள செங்குத்துக் கோட்டுக்கு இடப்புறம் நிற்கும் மூலம் அடங்கும் அசைவைத் தரும்; வலப்புறம் நிற்பது வளரும் அசைவைத் தரும். இந்த உண்மையை மாக்ஸ்வெல் 1868-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆனால் பெருக்கம் மாறுந்தோறும் சமன்பாட்டைப் புதிதாகத் தீர்ப்பது பெருந்தொல்லை.

அத்தொல்லையை 1948-இல் நீக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் வால்ட்டர் எவன்ஸ். பெருக்கம் ஏற ஏற மூலங்கள் நடக்கும் பாதையை, சமன்பாட்டைத் தீர்க்காமலே, கோணங்களைக் கூட்டி வரையலாம் என்று அவர் காட்டினார்.

ஓர் எடுத்துக்காட்டு. மூலங்கள் 0, −1, −2 என்னும் மூன்று இடங்களிலிருந்து புறப்படுவதாகக் கொள்வோம். இவற்றிலிருந்து ஒரு புள்ளியை நோக்கும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையோ, அதன் ஒற்றைப்படை மடங்கோ ஆனால் அப்புள்ளி பாதையில் உள்ளது. 0-வும் −1-உம் விட்டுப் புறப்பட்ட இரண்டும் −0.42 அருகே சந்தித்து, மேலும் கீழுமாகப் பிரிந்து, வலப்புறம் வளைகின்றன. செங்குத்துக் கோட்டில் 1.41 உயரத்தில் கோணங்கள் 90, 54.7, 35.3, கூட்டினால் 180. அங்கே மூன்று தொலைவுகளையும் பெருக்கினால் 6. ஆகவே பெருக்கம் 6-ஐ எட்டினால் ஆபத்து. கோணங்களைக் கூட்டவும் தொலைவுகளைப் பெருக்கவும் எவன்ஸ் ‘ஸ்பைரூல்’ என்னும் ஒளிபுகும் அளவுகோல் ஒன்றையும் அமைத்தார்.

இம்முறை எல்லையைக் காட்டுவதோடு நில்லாது, பரிகாரத்தையும் காட்டுகிறது. பிழையின் அளவோடு அது மாறும் வேகத்தையும் கருவி கணக்கிற் கொள்ளட்டும். அதனால் −1.5-இல் ஒரு சுழிப்புள்ளி அமைந்தால், வலப்புறம் வளைந்த பாதைகள் இடப்புறமே தங்கி, −0.75-இல் நிற்கும் செங்குத்துக் கோட்டை நெருங்கிச் செல்லும். கணக்கின்படி அவை எல்லையைக் கடப்பதேயில்லை. நடைமுறையிலோ, அளவையின் சிறு நடுக்கங்களையும் இவ்வேற்பாடு பெரிதாக்கும். அதனால் அளவறிந்தே பயன்படுத்த வேண்டும்.

இன்று கணிப்பொறி இப்படத்தை நொடியில் வரைந்து தருகிறது. எனினும் கையால் ஒருமுறை வரைந்தவனுக்கே பாதை ஏன் வளைகிறது என்பது விளங்கும். தேர்ந்த மிதிவண்டிக்காரன் விலகலை மட்டுமன்றி, எவ்வளவு விரைவாக விலகுகிறோம் என்பதையும் உணர்ந்து மெல்லத் திருப்புகிறான். அந்த நிதானத்தையே நாம் எந்திரத்துக்குக் கற்பிக்கிறோம்.