பெரிய சார்ஜர் ஏன் வேண்டாம்?

அமெரிக்காவில் பிளக்-இன் ஹைபிரிட் கார் வாங்குவோரிடம், 48 ஆம்பியர் சுவர் சார்ஜரையும் சேர்த்து வாங்கச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீண் செலவு. ஏன்?

சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் சார்ஜரே அல்ல. மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் காருக்குக் கொடுக்கும் இணைப்புதான். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. 2023 டொயோட்டா பிரையஸ் பிரைம் என்ற பிளக்-இன் ஹைபிரிட் காரில் அதன் திறன் 3.5 கிலோவாட். 48 ஆம்பியர் பெட்டியால் 11.5 கிலோவாட் தர முடியும்; ஆனால் கார் தன் அளவுக்கு மேல் வாங்காது.

அந்தக் காரின் பேட்டரி கொள்ளளவு 13.6 யூனிட். 240 வோல்ட்டில் நிறைய சுமார் 4 மணி நேரம். அமெரிக்க வீடுகளிலுள்ள சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் சுமார் 11 மணி நேரம். மாலை ஏழுக்குச் செருகினால் காலை ஆறுக்கு நிறைந்திருக்கும். பலருக்கு இதுவே போதும்.

ஆனால் சாக்கெட்டைக் கட்டாயம் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 12 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும்போது, தளர்ந்த இணைப்பு சூடேறி உருகவும் கூடும். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். எக்ஸ்டென்ஷன் கார்டு வேண்டவே வேண்டாம்.

அடுத்து முழு மின்சாரக் கார் வாங்கும் எண்ணமிருந்தால் மட்டும், பெரிய சார்ஜருக்கு ஏற்ற தடிமனான வயரை இப்போதே இழுத்துவைப்பது நல்லது.