இரண்டெழுத்தில் ஒரு பாட்டனார்: செட்டிநாட்டின் விலாசம்

குடிப்பெயர்களின் வழித்தடம் – 12

ஓர் அரிய குடும்பப்பெயர் எங்கே தோன்றியது, எவ்வழியே பரவியது, யார் யாரிடம் எஞ்சியிருக்கிறது என்று இங்கிலாந்தில் தேடுபவர்கள், 1538-இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகளையும், பெயர்ப் பரவலை வரைபடமாக்க உதவும் 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் துணையாகக் கொள்கின்றனர். நாட்டிங்ஹாம்ஷயரின் சிற்றூர் ஒன்றிலிருந்து பிறந்த அட்டன்பரோ என்னும் பெயரைச் சென்ற இதழ் விரிவாகப் பார்த்தது. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், அப்பெயர் தாங்கிய ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே தந்தைவழியைச் சேர்ந்தவர்களாகத் தெரிந்தது. ஒரு பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அதைத் தாங்குவோர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் அந்த ஆய்வின் முடிவு. பொதுவாகக் குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத தமிழ்நாட்டில் இதற்கு நிகரான ஒன்றைத் தேடினால், காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வழங்கும் ‘விலாசம்’ கண்ணில் படுகிறது.

தமிழர் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையோடு நின்றுவிடும்; சிலருக்கு ஊரின் முதலெழுத்தும் சேரும். நகரத்தாரின் விலாசமோ தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மேலேறி, மூன்று நான்கு தலைமுறைகளின் பெயர்ச் சுருக்கங்களை மூத்தவர் முதலாக வரிசைப்படுத்தி நிற்பது. கடிதத்தின் மேல் எழுதும் முகவரிக்கும் விலாசம் என்றே பெயர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவரைத் தேடிச் சென்று சேர உதவுவது எதுவோ அதுவே அவருடைய விலாசம் என்னும் பொருள் இரண்டிடத்திலும் பொருந்துகிறது.

இந்தச் சுருக்கங்கள் தனித்த எழுத்துகள் அல்ல என்பதே விலாசத்தைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டியது. அழகப்பன் என்பது ‘அழ.’ என்றும், பழனியப்பன் ‘பழ.’ என்றும், சிதம்பரம் ‘சித.’ என்றும், அருணாசலம் ‘அரு.’ என்றும், ராமநாதன் ‘ராம.’ என்றும் ஏட்டில் இரண்டெழுத்தாகச் சுருங்கும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பெயரில் நிற்பது அவருடைய தந்தை அழகப்பச் செட்டியார்; காரைக்குடித் தமிழறிஞர் ராய. சொக்கலிங்கத்தின் பெயரில் நிற்பது ராயப்பச் செட்டியார். நெற்குப்பையில் 1921-இல் பிறந்து, தமிழக மாவட்டங்களைப் பற்றி நூல் வரிசையே எழுதிய சோமலெ, தந்தையைக் குறிக்கும் ‘சோம.’ என்பதையும், லெட்சுமணன் என்னும் தம் பெயரின் ‘லெ’ என்பதையும் ஒட்டிப் புனைபெயராக்கிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று எழுதியவர் தம் வீட்டின் சுருக்கெழுத்தையே முகவரியாக வைத்துக்கொண்டது பொருத்தமானதுதான்.

ஆங்கில எழுத்துக்கு மாறியபோது நகரத்தார் இந்த இரண்டெழுத்து முறையை விடவில்லை; ஒவ்வொரு தமிழெழுத்தின் ஒலிக்கும் ஓர் ஆங்கில எழுத்தை இட்டனர். ஆகவே ‘பழ’ என்பது பி.எல். ஆயிற்று, ‘அழ’ ஏ.எல்.; ‘சித’ சி.டி.; ‘ராம’ ஆர்.எம்.; ‘சுப’ எஸ்.பி. ஆயின. கோட்டையூரில் 1909-இல் பிறந்து, காரைக்குடியில் கல்லூரி நிறுவிய வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயருக்கு முன்னுள்ள ‘ஆர்.எம்.’ இரண்டு பெயர்கள் அல்ல, ராமநாதன் என்னும் தந்தை ஒருவரே. ஏவி.எம். நிறுவனத்தின் பெயரைத் தமிழில் அச்சிடும்போது ‘ஏ’ என்பதற்கும் ‘வி’ என்பதற்கும் இடையே புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கத்தின் காரணமும் இதுவே: அது ஆவிச்சி என்னும் ஒரே பெயர். காரைக்குடியில் கடை நடத்திய ஆவிச்சிச் செட்டியாரின் மகன் மெய்யப்பன், 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புத் தளம் அமைத்துப் பின்னர் கோடம்பாக்கம் சென்றபோது, தந்தையின் பெயரும் உடன் சென்றது.

இந்தப் புள்ளியின் அருமையை உணராத அச்சகங்களும் அலுவலகங்களும் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு புள்ளி வைத்தன. 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் செல்லுமா என்பதை அன்றைய கூட்டாட்சி நீதிமன்றம் முடிவு செய்த புகழ்பெற்ற வழக்கு, சட்டத் தொகுப்புகளில் ‘ஏ.எல்.எஸ்.பி.பி.எல். சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமிக் கவுண்டன்’ என்று பதிவாகியுள்ளது. அரசமைப்புச் சட்டம் பயிலும் மாணவர் ஆறு முன்னோரைக் குறிக்கும் ஆறு எழுத்துகள் என்று மயங்கக்கூடும். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு அது அழ. சுப. பழ. என்னும் மூன்று தலைமுறையாகவே தெரியும். ஆறு புள்ளிகளில் மூன்று கூடுதலாக விழுந்ததால் ஒரு வீட்டின் தலைமுறை வரிசை புதிராகிவிட்டது.

மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் விலாசத்துக்கு ஒரு தாள ஒழுங்கைத் தருகிறது. செட்டிநாட்டு அரசர் குடும்பத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) விலாசம் எஸ்.ஆர்எம்.எம்.; அதாவது சாத்தப்பன், ராமநாதன், முத்தையா. அவர் மகன் முத்தையாச் செட்டியாரோ எம்.ஏ. என்று மட்டும் எழுதினார். பேரன் ராமசாமி எம்.ஏ.எம். என்று எழுதினார். முத்தையா, அண்ணாமலை, மீண்டும் முத்தையா என்று பெயர்கள் மாறி மாறி வந்தாலும், சாத்தப்பனும் ராமநாதனும் வரிசையிலிருந்து விலகிவிட்டனர். பாகம் பிரிந்து தனி வீடும் தனி வணிகமும் தொடங்கும்போது மூத்த எழுத்துகள் சில உதிர்வதும், பிரிந்தவரிடமிருந்து புதிய வரிசை தொடங்குவதும் இயல்பு. அட்டன்பரோ என்னும் பெயர் பத்துத் தலைமுறை கடந்தும் அட்டன்பரோவாகவே இருக்கும். விலாசமோ நடந்துகொண்டே இருப்பது. ஆனால் அதன் ஒவ்வோர் அடியும் முன்னடியைத் தொட்டுக்கொண்டே நடக்கிறது. நிலையான பெயர் ஒரு கூட்டத்தை மட்டுமே காட்டும். விலாசம் அக்கூட்டத்துக்குள் ஒருவர் நிற்கும் படியையும் காட்டும். இந்தக் காரணத்தால், பெயரிடும் முறை என்னும் அளவில் விலாசமே நுட்பமானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

விலாசம் வீட்டைக் காட்டும். குலத்தைக் காட்டுவது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோயில்களுள் ஏதேனும் ஒன்றுக்கு ஒவ்வொரு குடும்பமும் உரியது. ஒரே கோயிலைச் சேர்ந்தோர் பங்காளிகள் என்ற அடிப்படையில் பொதுவாகத் திருமண உறவு விலக்கப்படுகிறது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை என்பதால் அவ்விரண்டுக்கும் இடையேயும் கொள்வினை கொடுப்பினை இல்லை. பெரிய கோயில்களுக்குள் உட்பிரிவுகளும் உண்டு. இளையாத்தங்குடியின் உட்பிரிவுகளில் ஒக்கூருடையார், பெருமருதூருடையார், கழனிவாசற்குடியார் என்றெல்லாம் வரும் பெயர்கள், ஊரின் பெயரால் குடியைக் குறிப்பவை. அட்டன்பரோ என்னும் பெயர் அமைந்த விதமும் இதுவே. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வந்து குடியேறிய மரபைச் சொல்லும் நகரத்தார், வந்து சேர்ந்த ஊர்களையே குலத்தின் பெயர்களாக்கிக்கொண்டனர். ஒன்பது கோயில்களையும் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். உலகெங்கும் பரவிய ஒரு சமூகத்தின் குலமூலங்கள் அத்தனையும் இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அடங்கியிருப்பது வியப்பூட்டுவது.

திருமணமான ஒவ்வோர் ஆணும் கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’ ஆவார். புள்ளி என்பது கணவனும் மனைவியும் சேர்ந்த ஒரு குடும்ப அலகு; கோயில் வரியும் உரிமையும் இந்தக் கணக்கின்படியே அமையும். திருமணத்துக்கு இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும் என்பதால், கோயிலின் ஒப்புதல் இன்றிப் புதிய புள்ளி தோன்ற இடமில்லை. இங்கிலாந்தின் திருச்சபைப் பதிவேடு செய்த பணியைச் செட்டிநாட்டில் இந்தப் புள்ளிக் கணக்கு செய்துவந்திருக்கிறது.

இத்தனை கட்டுக்கோப்பான அடையாளம் கடல் கடந்தபோது வணிகத்தின் நாணயமாகவே மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா, இந்தோசீனம் என்று நகரத்தார் கொடுக்கல் வாங்கல் விரிந்தது. சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது. வணிகர்கள் கூடித் தொழில் செய்த நீண்ட கூடமாகிய கிட்டங்கியில், ஒவ்வொரு முதலாளியின் சார்பிலும் ஒரு மேலாள் தம் பெட்டியடியில் அமர்ந்திருப்பார். ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, கணக்கேடுகள் ஆகியவை சேர்ந்த சிறிய இடமே பெட்டியடி. கடைக்குத் தனிப்பெயர் கிடையாது. முதலாளியின் விலாசமே கடையின் பெயர். செட்டிநாட்டில் இருக்கும் முதலாளியை ரங்கூன் மொகல் தெருவில் எவரும் கண்டிராவிட்டாலும், அந்த எழுத்துகளின் பேரில் உண்டியல் செல்லுபடியானது. உண்டியல் என்பது ஓரூரில் எழுதி மற்றோரூரில் பணம் பெற உதவும் பணச்சீட்டு. கோயில், உறவு, வணிக நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரே இழையில் பின்னப்பட்டிருந்ததை டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகிறது.

பரவலின் அளவு பர்மாவில் உச்சத்தைத் தொட்டது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், சுமார் 75 கோடி ரூபாய் முதல் புழங்கியதாகவும் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஐராவதி ஆற்றுப்படுகையின் சிற்றூர்களிலும் செட்டிநாட்டுப் பாட்டன்மாரின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகப் பத்திரங்களில் ஏறின. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அன்றைய செட்டிநாட்டின் நிலப்படத்தை அந்த மூன்று கிளைகளே வரைந்து காட்டுகின்றன. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும், 1963-இல் வங்கிகள் நாட்டுடைமையானதும் அந்தப் பரப்பைத் துடைத்தன. சிங்கப்பூரில் மட்டும் மெய்யப்பச் செட்டியார் சாலை, நாராயணன் செட்டி சாலை, அருணாசலம் என்பது ஆங்கிலத்தில் ‘அர்னசலம்’ என்று சிதைந்த அர்னசலம் செட்டி சாலை ஆகியவை தெருப்பலகைகளில் நிற்கின்றன.

அரிய பெயர்களைப் பற்றிய எந்த ஆய்வும் அவற்றின் மறைவையும் பேசியாக வேண்டும். பிரான்சிஸ் கால்டன் 1873-இல் எழுப்பிய வினாவும், அதற்கு ஹென்றி வில்லியம் வாட்சன் அளித்த கணித விடையும் இத்துறையில் அடிப்படையானவை: தலைமுறைக்குத் தலைமுறை ஆண்மக்கள் வழியாக மட்டுமே கடத்தப்படும் பெயர், ஒருவருக்குச் சராசரி ஒரு மகன் என்ற நிலை இருந்தாலும் காலப்போக்கில் அற்றுப்போகும். செட்டிநாடு இந்த அழிவை ஏற்கவில்லை. மகனில்லாத வீடு ‘பிள்ளை கூட்டிக்கொள்ளும்’. அதாவது சுவீகாரம் எடுக்கும். கூட்டிக்கொண்ட வீட்டின் விலாசமும் கோயிலும் அந்தப் பிள்ளைக்கு உரியவை ஆகும்; பெயரும் மாறக்கூடும். சிறுகூடல்பட்டியில் 1927-இல் சாத்தப்பச் செட்டியாரின் மகனாகப் பிறந்த முத்தையா, காரைக்குடி வீடொன்றுக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனார். தமிழுலகம் அவரைக் கண்ணதாசன் என்னும் தலைப்பெழுத்தில்லாத மூன்றாம் பெயரால் அறிந்தது. ஒரு வீட்டின் எழுத்துகள் நிலைக்க ஒரு சிறுவன் தன் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை வம்சவரலாறு எழுதுவோர் கடந்துபோகலாகாது.

இன்றைய இடர் வேறு வகையானது. கடவுச்சீட்டும் வெளிநாட்டுப் பள்ளியும் வங்கியும் கேட்கும் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் விலாசம் அடங்குவதில்லை. ஒருவர் தந்தையின் பெயரை இடுகிறார். அவருடைய தம்பி ‘செட்டியார்’ என்று இடுகிறார். மூன்றாமவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் பெயரே நிலைத்துவிடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘இன்னாரின் மகன்’ என்று ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளும் பதிவு முறை அமைந்தது. ஒரே வளவில் பிறந்த உடன்பிறந்தாரின் வழியினர் மூன்று நாடுகளில் மூன்று குடும்பப்பெயர்களோடு இருப்பார்களானால், ஆங்கிலப் பெயர் வரைபடம் தயாரிப்பவரின் முறை அவர்களை உறவாகக் கண்டுகொள்ளாது.

ஆயினும் திருமண நாளில் இந்தச் சிதறல் ஒருமுறை கூடி வருகிறது. ‘இசைகுடிமானம்’ என்பது இரு வீட்டாரும் மணத்துக்கு இசைந்ததைப் பதிவு செய்யும் ஆவணம். முன்னாளில் பனையோலையில் எழுதப்பட்டது. ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றை அடுத்து மணமகன் வீட்டுக்கும் மணமகள் வீட்டுக்கும் உரிய ஊர், கோயில், விலாசம் ஆகியவை அதில் இடம்பெறும். மணமக்கள் வளர்ந்தது கலிபோர்னியாவோ சிட்னியோ எதுவாயினும், கடவுச்சீட்டில் எந்தப் பெயர் நின்றாலும், இசைகுடிமானம் எழுதுபவர் கேட்பது விலாசத்தைத்தான். பெரும்பாலும் வீட்டிலுள்ள ஐயாவோ ஆச்சியோ அதைச் சொல்லச் சொல்ல, எழுதுபவர் இரண்டிரண்டு எழுத்தாக, புள்ளியை அதற்குரிய இடத்தில் வைத்து எழுதிக்கொள்கிறார். தந்தையர் இருவரும் கையெழுத்திடுகின்றனர்.