விருந்தாளிக்குக் கணக்குக் கேட்கும் தேசம்

மியன்மாரில் ஒரு வீட்டில் விருந்தாளி இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவர் வந்தாலும் அப்படித்தான். ஆங் சான் சூச்சி அரசு 2016-இல் நீக்கிய அந்த விதியை, 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவம் இரண்டே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டித் தலைகளை எண்ண அது போதும்.

காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கைக்காரனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? பல்லவ மன்னன் கணிகண்ணனைக் காஞ்சியைவிட்டு விரட்ட, அவருடைய குரு திருமழிசையாழ்வாரும் பெருமாளும் கூடவே புறப்பட்டு, ஓரிரவு தங்கிய இடம் எங்கள் ஊர் என்பது ஐதீகம்.

2024 கடைசியில் மாண்டலே போனேன். பக்கத்திலேயே பட்டு நெய்யும் அமரபுரா. துணைக்கு வந்த தமிழர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "அண்ணே, அரசாங்கத்தைப் பத்தி எதுவும் கேக்காதீங்க. நீங்க போயிடுவீங்க, அவங்க இங்கதான் இருக்கணும்." வெளியில் அவருக்குப் பர்மியப் பெயர். 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கி, 1964-இல் 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கினார். லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். இவருடைய தாத்தா கிளம்பவில்லை.

நெசவாளர் வீட்டில் ஒரே தறியில் இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்து அச்செய்க் துணி நெய்தார்கள். அலையலையாக ஓடும் அந்தக் கோலத்துக்கு நூறு சிறு நாடாக்கள், சிலதுக்கு அதற்கு மேலும். எங்கள் கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. கரைக்கு ஒரு துணை ஆள். நானும் தறிக்காரன் என்று தெரிந்ததும் மூத்தவர் ஒரு நாடாவை என் கையில் கொடுத்து, ஓட்டச் சொன்னார். என் கை தடுமாறியதும், விரலைப் பிடித்து நூலைப் பக்கத்து நூலோடு கோத்துக் காட்டினார். நூல் விலை, கரண்ட் கட், கூலி என்று பேச்சு ஓடியது. மகன் தாய்லாந்தில் என்றார். 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் அந்த ஆண்டுதான் அமலுக்கு வந்திருந்தது. நான் மேலே கேட்கவில்லை; ஆனாலும் அந்தப் பேச்சு முழுக்க அரசாங்கத்தைப் பற்றியதுதான்.

திரும்பும் வழியில் துணைக்கு வந்தவர் 2021 மார்ச்சில் நடந்ததைச் சொன்னார். பெண்கள் கட்டும் கைலிக்குக் கீழே நடந்தால் ஆணின் வலிமை போய்விடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. யாங்கோன் பெண்கள் தெருவின் குறுக்கே கயிறு கட்டிக் கைலிகளைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் அவற்றைக் கழற்றி எறிந்த பிறகே நடந்தார்கள். நெய்த துணிக்கு இத்தனை தைரியம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

சர்வாதிகார நாட்டுக்குச் சுற்றுலா போகலாமா? தொண்ணூறுகளில் சூச்சியே வர வேண்டாம் என்றார். அந்த மக்களோடு உட்கார்ந்து பேசவாவது போக வேண்டும் என்பேன். நான் எடுத்த படங்களில் முகம் ஒன்றுகூட இல்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் அமரபுராவை நொறுக்கியது. அதன் பிறகும் ராணுவம் நாட்டில் குண்டுவீச்சை நிறுத்தவில்லை. அந்தப் பெண்கள் இருவரும் பிழைத்துவிட்டதாகத் துணைக்கு வந்த தமிழர் செய்தி அனுப்பினார். புதுத் தறி போட்டாயிற்றாம், நூல்தான் கிடைக்கவில்லையாம்.